பன்னிரண்டாவது இடம்: வன்னியின் மிதிவெடி நிலத்தில் ஒரு கையளிப்பு

“அண்ணை, இந்த மண் நாங்கள் பார்த்த மண்ணா, பார்த்த பிறகு வந்து படிந்த மண்ணா?”

வோக்கியில், அதாவது கையடக்க வானொலியில், இந்தக் கேள்வி வந்தபோது காலை ஒன்பது மணி தாண்டியிருந்தது. கேட்டவர் மிதிவெடி அகற்றும் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன ஓர் இளம்பெண். பாதை போடும் வேலைக்காக அன்று அவர் கையில் ஒரு வோக்கி கொடுக்கப்பட்டிருந்தது. பதில் சொல்ல வேண்டியவர் பல ஆண்டு அனுபவமுள்ள அணித் தலைவர். அவர் கையிலிருந்த வரைபடத்தில் அந்த இடம் பச்சை நிறத்தில் இருந்தது. “அது முடிந்த பகுதி, தங்கச்சி. பாதை போடலாம்” என்றார். சில நொடிகள் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு மறுபடியும் அதே குரல்: “முடித்தது எப்போது, அண்ணை? மழைக்கு முன்பா, பின்பா?”

அந்த இரண்டாவது கேள்விக்கு அணித் தலைவரிடம் பதில் இல்லை. விசிலை ஊதி எல்லோரையும் நிறுத்தினார். குறியிட்ட பாதையிலேயே, ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி வந்தார்கள். அரை மணி நேரம் கழித்து உலோகம் கண்டுபிடிக்கும் டிடெக்டரோடு போன மூத்த பணியாளர் ஒருவர், அந்தப் பெண் நின்ற கட்டையிலிருந்து இரண்டு எட்டுத் தூரத்தில், புதிதாகப் படிந்த மணலுக்கு அடியில், பக்கவாட்டில் சரிந்து கிடந்த ஒரு பி-4 மிதிவெடியைக் கண்டார். காயப்பட்டவரைத் தூக்கிவரும் ஸ்ட்ரெச்சர் பாதை மறுநாள் அந்த இடத்தின் மேலாகத்தான் போகவிருந்தது.

ஒருவருக்கும் காயம் இல்லை. காயம் இல்லாத நிகழ்வுகளைப் பற்றி யாரும் நீண்ட நேரம் பேசுவதில்லை. அன்று மாலை தேநீரோடு அந்தக் கதை முடிந்துவிடக் கூடியதுதான். என்னால் அப்படி விட முடியவில்லை. நான் அப்போது அதே நிறுவனத்தில் உள்ளகத் தரப் பரிசோதனைப் பொறுப்பில் இருந்தேன். மழைக்கு முன்பு அந்தப் பகுதியைப் பரிசோதித்துக் கையெழுத்திட்டவள் நான். பச்சை நிறத்தின் ஒரு பகுதி என்னுடையது.

இந்த ஆய்வில் நிறுவனத்தின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். அவர்கள் எல்லோருமே கவனமாக வேலை செய்தவர்கள். அப்படிப்பட்டவர்களின் நடுவில் இது எப்படி நடந்தது என்பதுதான் என் கேள்வி.

நிலமும் வேலையும்

மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில், பிரதான வீதியிலிருந்து கிரவல் பாதையில் உள்ளே போனால் வரும் காட்டோரக் காணி அது. 1997 மே மாதம், புலிகளின் கையிலிருந்த வன்னியை ஊடறுக்க இராணுவம் ஜெயசிக்குறு என்ற நடவடிக்கையைத் தொடங்கியதிலிருந்து வன்னியின் இந்தப் பக்கமெங்கும் மண் அணைகள் எழுந்தன. அணைகளுக்கு முன்னால் மிதிவெடி வரிசைகள் வந்தன. 1999 நவம்பரில் புலிகளின் எதிர்த்தாக்குதலில் நிலைமை தலைகீழானபோது அணைகள் கைமாறின. வெடிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. 2009க்குப் பிறகு மக்கள் மீளக்குடியேற வந்தபோது, அந்த அணைகளின் மேல் பாலையும் வீரையும் முள்ளுப்பற்றையும் மண்டியிருந்தன.

இந்த வேலையை வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் ஆபத்து வெடிமருந்தில் இருக்கிறது என்று நினைக்கிறார்கள். வெடிமருந்தின் குணம் எங்களுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியும் மிதிவெடி எங்களுக்கு ஒரு வேலை, அவ்வளவுதான். எங்கே இருக்கிறது என்று தெரியாத மிதிவெடிதான் ஆபத்து. பாகிஸ்தான் தயாரிப்பான பி-4, சீனத் தயாரிப்பான டைப் 72 போன்றவை பிளாஸ்டிக் உடல் கொண்டவை. டிடெக்டர் பிடிக்கக்கூடிய உலோகம் அவற்றில் மிகக் கொஞ்சம். புலிகள் செய்த ஜொனி வகை மரப்பெட்டிக்குள் இருக்கும். மரம் உக்கினால் நிலை மாறும். இவற்றோடு குண்டுச் சிதறல், துப்பாக்கி ரவைக் கோது, முள்ளுக்கம்பித் துண்டு, பழைய மீன் டின் எல்லாம் அதே மண்ணில் கிடக்கின்றன. ஒவ்வொரு ஒலிக்கும் மண்டியிட்டு மண்ணைச் சுரண்ட வேண்டும். டிடெக்டர் உதவாத இடத்தில், ரேக் என்று எல்லோரும் சொல்லும் வாரியால் மண்ணை வறுகி வறுகி இறங்க வேண்டும்.

ஒரு பணியாளருக்கு ஒரு லேன். அகலம் ஏறத்தாழ ஒரு மீற்றர். இருபக்கமும் சிவப்புத் தலைக் கட்டைகள், முன்னால் குறுக்கே ஒரு தடி. தடிக்கு இந்தப் பக்கம் பார்த்த மண், அந்தப் பக்கம் பார்க்காத மண். ஒருவருக்கு ஏதாவது நடந்தால் அடுத்தவருக்கும் நடக்காதபடி ஆட்களுக்கு இடையே தூரம் விட்டிருப்பார்கள். அதனால் ஒவ்வொருவரும் முகக்கவசத்துக்குள் தனியே இருக்கிறார். தன் முன்னால் ஒரு சாண் மண்ணை அவரைவிட நன்றாக அறிந்தவர் உலகத்தில் இல்லை. பக்கத்து லேனில் என்ன நடக்கிறது என்பதோ, போன மாதம் இங்கே என்ன நடந்தது என்பதோ அவருக்குத் தெரிய வேண்டுமானால், யாராவது சொல்லியாக வேண்டும்.

நிலத்தைப் பற்றிய அறிவு இப்படித்தான் துண்டு துண்டாகப் பலரிடம் கிடக்கிறது. சேர்த்துவைக்கக் கருவி எதுவும் இல்லை. வாயும் காதும் கையெழுத்தும்தான்.

வரிசையில் ஒன்று குறைந்தது

ஐப்பசி மாதத்தில், மாரி தொடங்குவதற்கு முன்பு, முதல் அணி அங்கே வேலை செய்தது. அதன் தலைவி எல்லோரும் அக்கா என்று அழைக்கும் மூத்த பெண். கணவரை இறுதிப் போரில் இழந்தவர். வன்னியில் இந்த வேலைக்கு வந்த பெண்கள் பலருக்கும் வீட்டில் உழைக்க வேறு ஆள் இல்லை.

இராணுவம் புதைத்த வரிசைகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. இரண்டு மூன்று வெடிகளை எடுத்தவுடன் இடைவெளி பிடிபட்டுவிடும். அடுத்தது எங்கே இருக்கும் என்று சொல்லிவிடலாம். அக்காவின் அணி அந்தத் துண்டில் பதினொரு வெடிகளை எடுத்தது. பன்னிரண்டாவது இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. வெடித்த குழி இல்லை, பிளாஸ்டிக் துண்டு இல்லை, மாட்டெலும்பு இல்லை. சுற்றிலும் அகலமாகத் தேடினார்கள். அப்போதும் இல்லை. அதற்கு அப்பால் வரிசை மறுபடியும் ஒழுங்காகத் தொடர்ந்தது.

இப்படி ஒரு வெற்றிடத்துக்குப் பல காரணங்கள் இருக்கலாம். புதைத்தவர் அங்கே வைக்காமல் விட்டிருக்கலாம். போர்க்காலத்தில் யாரோ கிண்டி எடுத்திருக்கலாம். மாடு மிதித்து வெடித்த தடயத்தைப் பல மாரிகள் கழுவியிருக்கலாம். தண்ணீர் இழுத்துப் போயிருக்கலாம். எது உண்மை என்று அன்று சொல்ல வழியில்லை. அக்கா தன் சிறு குறிப்புப் புத்தகத்தில் எழுதினார்: “12 இல்லை. குழி இல்லை. மழைக்குப் பிறகு திரும்பப் பார்க்க வேண்டும்.” மேற்பார்வையாளருக்கு வோக்கியிலும் சொன்னார்.

நாளாந்தப் படிவத்தில் கண்டெடுத்த வெடிகளுக்கு ஒரு கட்டம் இருந்தது. அதில் 11 என்று எழுதினார். கிடைக்காத ஒன்றை எழுதுவதற்குப் படிவத்தில் இடம் இல்லை.

பிறகு மழை வந்தது. களம் மூடப்பட்டது. அக்காவின் அணி வடக்கே முகமாலையில் இருந்த இன்னொரு களத்துக்கு மாற்றப்பட்டது. மாசியில் களம் மறுபடியும் திறந்தபோது இரண்டாவது அணி வந்தது.

மூன்று பேரிடம் மூன்று துண்டு

கையளிப்பு முகாமில், கன்டர் என்னும் சிறிய லொறி ஒன்றின் பக்கத்தில், ஏறத்தாழ இருபது நிமிடம் நடந்தது. அக்கா முகமாலையிலிருந்து வேறு ஒரு வேலைக்காக வந்திருந்தார், வாகனம் காத்திருந்தது. வரைபடத்தை விரித்து லேன்களைக் காட்டினார். “வடக்குப் பக்கம் முடிந்துவிட்டது. வாய்க்கால் பக்கத்தில் ஒரு சந்தேகம் இருக்கிறது, புத்தகத்தில் எழுதியிருக்கிறேன்” என்றார். புத்தகம் அவர் பையில் முகமாலையில் இருந்தது. “அனுப்பிவிடுங்கள் அக்கா” என்றார் புதிய அணித் தலைவர். “ஓம் தம்பி” என்றார் அக்கா. இருவரும் உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார்கள்.

இரண்டாவது துண்டு கிளிநொச்சியில் ஒரு கோப்பில் இருந்தது. எங்கள் சமூகத் தொடர்பு அலுவலர் தை மாதத்தில் கிராமத்துக்குப் போனபோது, மாட்டுப் பட்டி வைத்திருக்கும் ஒரு முதியவர் அவரிடம் சொல்லியிருந்தார்: மார்கழி வெள்ளத்தில் பழைய மண் அணை ஓரிடத்தில் அறுத்துக்கொண்டது, தண்ணீர் புது வழியில் பாய்ந்தது, மணல் அந்தப் பக்கம் மேடாகக் கிடக்கிறது. அலுவலர் அதைச் சொல்லுக்குச் சொல் எழுதியிருந்தார். அந்தப் படிவத்தின் பயணம் கிராமத்திலிருந்து அலுவலகத்துக்கு. அங்கிருந்து களத்துக்கு வருவதற்கு வழி எதுவும் அமைக்கப்படவில்லை.

மூன்றாவது துண்டு என்னிடம் இருந்தது. நான் மாதிரிக்காகத் தெரிவுசெய்து பரிசோதித்த சதுரங்கள் எல்லாம் துப்புரவாக இருந்தன. வாய்க்கால் ஓரம் என் மாதிரியில் வரவில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் நான் எழுதிய சொல் “ஏற்றுக்கொள்ளப்பட்டது” என்பதுதான். எதைப் பார்த்து ஏற்றுக்கொண்டேன், எதைப் பார்க்காமல் ஏற்றுக்கொண்டேன் என்று பிரித்து எழுதவில்லை.

இந்த மூன்றையும் ஒரே மேசையில் வைத்திருந்தால் ஒரு பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும்: ஒன்று காணவில்லை, வெள்ளம் அந்த வழியாகப் போனது, மணல் குவிந்த இடத்தை யாரும் பார்க்கவில்லை. தேட வேண்டிய இடம் கைக்கெட்டும் தூரத்தில் சுருங்கியிருக்கும். நிலத்தின் நிச்சயமின்மை அவ்வளவு பெரிதாக இருக்கவில்லை. எங்களுக்கு இடையில் இருந்த இடைவெளிதான் அதைப் பெரிதாக்கியது.

வேலையைக் கையளித்தோம். சந்தேகத்தைக் கையளிக்கவில்லை. அக்காவின் மனத்தில் இருந்த சந்தேகம் வாய்க்கு வந்தபோது பாதியாகியது. வரைபடத்துக்கு வந்தபோது பச்சையாகியது. ஒவ்வொரு கையிலும் அது கொஞ்சம் கொஞ்சமாக உறுதியான செய்தியாக மாறியது. யாரும் பொய் சொல்லவில்லை. சுருக்கிச் சொன்னார்கள். சுருக்கும்போது முதலில் உதிர்ந்து போவது “தெரியவில்லை” என்ற பகுதிதான்.

கடலில் நடந்த ஒன்று

பயிற்சியொன்றில் பைப்பர் ஆல்ஃபாவைப் பற்றிக் கேட்டபோது எனக்கு இந்தக் காணிதான் நினைவுக்கு வந்தது. வட கடலில், ஸ்கொட்லாந்துக் கரைக்கு அப்பால் இருந்த எண்ணெய் மேடை அது. 1988 ஜூலை 6ஆம் திகதி பகலில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பரிசோதனைக்காகக் கழற்றினார்கள். மாலைக்குள் வேலை முடியவில்லை. திறந்திருந்த குழாய் வாயை ஒரு தட்டால் மூடிவிட்டுப் போனார்கள். அந்த வால்வு இல்லை என்ற செய்தி இரவு வேலைக்கு வந்தவர்களிடம் போய்ச் சேரவில்லை. அதே பம்புக்கு இரண்டு வேலை அனுமதிப் பத்திரங்கள் இருந்தன. பம்பின் பொதுப் பராமரிப்புக்கானது இரவு அணியின் கண்ணில் பட்டது. அந்த வேலை இன்னும் தொடங்கப்படவில்லை என்று அறிந்துகொண்டார்கள். வால்வுக்கானது அவர்கள் பார்க்கும் இடத்தில் இருக்கவில்லை. இரவு மற்றப் பம்பு நின்றுபோக, இந்தப் பம்பை இயக்கினார்கள். கசிந்த வாயு தீப்பிடித்தது. 167 பேர் இறந்தார்கள்.

விசாரணை நடத்திய கல்லன் பிரபு 1990இல் 106 பரிந்துரைகளை முன்வைத்தார். கையளிப்பும் அனுமதிப் பத்திர முறையும் அவற்றில் முக்கிய இடம் பெற்றன. எங்களுடைய கன்டர் வாகனத்துப் பக்கத்து இருபது நிமிடத்தையும் அந்த மேடையின் மாலை ஆறு மணியையும் ஒப்பிடுவது மிகையாகத் தெரியலாம். அளவில் பெரிய வேறுபாடு உண்டு. நடந்த முறையில் வேறுபாடு இல்லை. ஒரே பொருளைப் பற்றிய இரண்டு தாள்கள் இரண்டு இடத்தில் இருந்தன. கண்ணில் பட்ட தாள் உண்மையைத்தான் சொன்னது, முழுவதையும் சொல்லவில்லை.

“முடிந்தது” என்ற சொல்

எங்கள் களத்தில் ஒரு நாளில் அதிகமாகப் பேசப்படும் சொல் இதுதான். பகல் வேலை முடிந்தது. லேன் முடிந்தது. தேடல் முடிந்தது. பரிசோதனை முடிந்தது. காணி முடிந்தது. நாலரை மணிக்கு ஒரு பணியாளர் “முடிந்தது அண்ணை” என்றால், இன்றைக்குக் கருவியை வைக்கிறேன் என்று அர்த்தம். அதே சொல்லை அணித் தலைவர் மேற்பார்வையாளரிடம் சொன்னால் அந்தத் துண்டில் இனி வேலை இல்லை என்று அர்த்தம். மேற்பார்வையாளர் அலுவலகத்தில் சொன்னால் காணியைச் சொந்தக்காரருக்குக் கொடுக்கலாம் என்றே விளங்கிக்கொள்வார்கள். ஒரு சொல் படியேறப் படியேறக் கனம் கூடியது. ஏற்றியவர் யாரும் அந்தக் கனத்தைப் பரிசோதிக்கவில்லை.

விமானத் துறையில் இதற்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 1977 மார்ச் 27ஆம் திகதி கனாரித் தீவுகளின் தெனெரீப் விமான நிலையத்தில், மூடுபனியில், இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதின. 583 பேர் இறந்தார்கள். அனுமதி கிடைத்துவிட்டது என்று எண்ணி ஒரு விமானம் ஓடத் தொடங்கியபோது, அதன் பொறியாளர் மற்ற விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அழுத்தமாகச் சொன்னார். பொறியாளர் மறுபடி கேட்கவில்லை. அதன் பிறகு, ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லை உண்மையாகவே மேலெழ அனுமதி கொடுக்கும்போதும் அதை இரத்துச் செய்யும்போதும் மட்டுமே வானொலியில் சொல்ல வேண்டும் என்று ஆக்கினார்கள். மற்ற நேரங்களில் வேறு சொல்.

நாங்களும் அப்படியே செய்தோம். “முடிந்தது” களத்திலிருந்து விலக்கப்பட்டது. அதற்குப் பதில் “இன்றைக்கு நிறுத்தியது”, “தேடியது”, “பரிசோதித்தது” என்று மூன்று சொற்கள் வந்தன. மூன்றாவதைச் சொல்கிறவர் எந்தச் சதுரங்களை என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வாரம் எல்லோருடைய நாக்கும் பழைய சொல்லிலேயே போய் விழுந்தது. சமையல் கொட்டிலில் கஞ்சி “முடிந்தது” என்றவரைக்கூடப் பிள்ளைகள் திருத்தினார்கள்.

வோக்கியில் தமிழ் பேசுவதில் இன்னோர் இடர் இருக்கிறது. இதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. நம் மொழியில் “இல்லை” என்பது வினையின் கடைசியில்தான் வரும். “பன்னிரண்டாவதை எடுக்கவில்லை” என்று சொல்லும்போது, பொத்தானிலிருந்து விரல் ஒரு நொடி முன்னால் எடுபட்டால் “பன்னிரண்டாவதை எடுக்க...” என்பதோடு செய்தி அறுந்துவிடும். கேட்கிறவர் மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்வார். அவசரத்திலும் களைப்பிலும் மனிதர் நிரப்புவது தாம் எதிர்பார்த்த சொல்லைத்தான். அன்று ஐப்பசியில் அக்கா வோக்கியில் சொன்னதை மேற்பார்வையாளர் கேட்டிருந்தார். வெடி எடுக்கப் போகிறார்கள் என்று விளங்கிக்கொண்டதாக என்னிடம் சொன்னார். நேர்மையாகச் சொன்னார். அதன் பிறகு எதிர்மறைச் செய்தி எதுவானாலும் “இல்லை” முதலில் வர வேண்டும் என்று வைத்தோம்: “இல்லை. பன்னிரண்டாவது இடத்தில் வெடி இல்லை.” இலக்கணத்துக்கு இது கொஞ்சம் முரணாகத் தோன்றலாம், காதுக்கு நல்லது. எண்களையும் ஒவ்வோர் இலக்கமாகச் சொல்கிறோம். எழுபதும் எண்பதும் இரைச்சலில் ஒன்றுபோலக் கேட்கும்.

இரண்டாவது முறை கேட்டது

இந்த நிகழ்வில் தவறியவற்றைவிட அதிகம் யோசிக்க வேண்டியது, தவறாமல் நடந்த ஒன்றைப் பற்றி என்று நினைக்கிறேன். மூன்று மாதப் பணியாளர், அனுபவமுள்ள அணித் தலைவரிடம், அவர் பதில் சொன்ன பிறகும், வோக்கியில், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போது, மறுபடி கேட்டார். எங்கள் ஊரில் அது எளிதான காரியம் அல்ல. பெரியவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதன் மேல் கேள்வி கேட்பது எதிர்த்துப் பேசுவதாகும் என்று வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். அதிலும் ஓர் ஆணிடம் ஓர் இளம்பெண். தெனெரீபில் அந்தப் பொறியாளருக்கு வராத இரண்டாவது கேள்வி இவருக்கு எப்படி வந்தது?

அவரிடமே கேட்டேன். இரண்டு காரணம் சொன்னார். முதலாவது மண். அவருடைய தகப்பனார் வயல் செய்கிறவர். வெள்ளம் வடிந்த பிறகு எந்த மண் ஊர் மண், எந்த மண் வந்த மண் என்று சிறுவயதிலிருந்தே பார்த்துப் பழகியவர். கட்டையின் அடியில் இருந்தது நுண்மணல், அலையலையாகப் படிந்திருந்தது. சுற்றிலும் இருந்தது செம்மண். “அந்தக் கட்டை கொஞ்சம் கிழக்கே சாய்ந்திருந்தது அக்கா. தண்ணீர் போன பக்கம்” என்றார்.

இரண்டாவது காரணம் அணித் தலைவரே. தினமும் காலையில் வேலை தொடங்குமுன் அவர் ஒரு கேள்வி கேட்பார்: நேற்றைப் போல் இல்லாதது இன்று என்ன? ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்று சொல்ல வேண்டும். ஒன்றும் இல்லை என்று சொன்னால் விடமாட்டார். ஒருவர் காய்ச்சல் வருவதுபோல் இருக்கிறது என்பார், இன்னொருவர் தன் டிடெக்டரின் ஒலி மாறியிருக்கிறது என்பார். பெரும்பாலும் சிறிய விடயங்கள். அவர் எதையும் தட்டிக்கழித்ததில்லை. “அண்ணை தினமும் கேட்பவர்தானே, அதனால் நானும் கேட்கலாம் என்று நினைத்தேன்” என்றார் அந்தப் பெண். சிறியதைச் சொல்லிப் பழகிய வாய்க்குப் பெரியதைச் சொல்லும்போது தயக்கம் குறைந்திருந்தது. முதல் பதிலில் அவசரப்பட்ட அதே தலைவர்தான், மாதக் கணக்கில் அந்தக் கேள்விக்கு நிலம் பண்படுத்தி வைத்தவரும்.

அவர் விசிலை ஊதியதையும் சொல்ல வேண்டும். தன் வரைபடத்தை நம்பி வாதிட்டிருக்கலாம். “தெரியவில்லை, எல்லோரும் திரும்புங்கள்” என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். தலைமைப் பதவியில் அந்தச் சொல்லை உரக்கச் சொல்கிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

மாற்றியவை, மாறாதவை

படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்தோம்: எதிர்பார்த்துக் கிடைக்காதவை. ஒரு வரிக் கட்டம்தான். இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் அது. வெற்றிடத்துக்கு எழுத இடம் கிடைத்தவுடன் அது ஒரு செய்தியாகியது. முதல் மாதத்திலேயே வேறு மூன்று பழைய இடங்களைப் பற்றிப் பணியாளர்கள் தாமாக வந்து சொன்னார்கள். மனத்துக்குள் வைத்திருந்தவை.

கையளிப்பு இப்போது நிலத்தில் நடக்கிறது. இரண்டு தலைவர்களும் எல்லைக் கட்டைகளை நடந்து பார்க்கிறார்கள். ஐயமுள்ள இடத்தில் நின்று, கொடுப்பவர் சொல்கிறார். பெறுபவர் அதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்கிறார். அதே சொற்களில் திருப்பிச் சொன்னால் ஏற்பதில்லை, ஏனென்றால் கிளிகூட அதைச் செய்யும். குறிப்புப் புத்தகம் ஆளோடு போவதில்லை, களத்தோடு இருக்கிறது. பட்டிக்காரரின் சொல் வந்த சமூகத் தொடர்புப் படிவத்தின் ஒரு பிரதி களத்துக்கு வருகிறது. மாரி கழிந்ததும், தண்ணீர் ஓடிய வழிகள் எந்த நிறத்தில் இருந்தாலும் முதலில் பார்க்கப்படுகின்றன.

இதற்கு விலை உண்டு. நடந்து கையளிக்க அரை நாள் போகிறது. நாங்கள் துப்புரவாக்கும் சதுர மீற்றர்களைத்தான் எண்ணுகிறார்கள். பேசிய நேரத்தை யாரும் எண்ணுவதில்லை. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. தன் நிலத்தைத் துப்புரவாக்கி முடிக்க அதற்குள்ள காலக்கெடு 2028 ஜூன். கெடு நெருங்க நெருங்க, முதலில் வெட்டப்படுவது இந்த அரை நாளாகத்தான் இருக்கும் என்று எனக்கு அச்சமாக இருக்கிறது. அந்த அரை நாளை ஓய்வு என்று யாராவது கணக்கெழுதினால் நான் அதை ஒத்துக்கொள்ளமாட்டேன். அதுவும் மிதிவெடி அகற்றும் வேலைதான்.

திருப்பிச் சொல்வது நாளடைவில் சடங்காகிவிடும் அபாயமும் இருக்கிறது. ஓர் அணியில் அப்படி ஆகியதை நானே பார்த்தேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே சொல்லி முடித்தார்கள். அதற்கு நான் கண்ட ஒரே வழி, பெறுபவரைக் கேட்பதுதான்: இதில் உங்களுக்கு எது பயமாக இருக்கிறது? அந்தக் கேள்விக்கு மனப்பாடமாகப் பதில் சொல்ல முடியாது.

கடைசிக் கையளிப்பு

துப்புரவாக்கிய காணி, 2010இல் அமைக்கப்பட்ட தேசிய மிதிவெடிச் செயற்பாட்டு நிலையத்தின் ஊடாக மக்களிடம் திரும்புகிறது. பத்திரமும் வரைபடமும் கொடுக்கப்படும். அந்தக் காணியின் சொந்தக்காரர் ஒரு முதிய அம்மா. கச்சான் போட இருந்தார். எவ்வளவு ஆழம் உழலாம் என்று கேட்டார். நாங்கள் தேடிய ஆழத்தை முழங்கையில் அளந்து காட்டினோம். வாய்க்கால் ஓரத்துக்கு அவரைக் கூட்டிப் போய், பன்னிரண்டாவது இருந்த இடத்தையும் கிடைத்த இடத்தையும் காட்டினோம். அதைச் சொன்னால் பயந்துவிடுவார் என்று அலுவலகத்தில் ஒருவர் தடுத்திருந்தார். அம்மா பயப்படவில்லை. அணை அறுத்த இடத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “அப்படியானால் வருகிற மாரியிலும் இந்த வழியாகத்தானே வரும், பிள்ளை?” என்று கேட்டார்.

ஓம் அம்மா என்றேன். மணல் புதிதாகப் படிந்தாலோ புதிய பொருள் எதையும் கண்டாலோ தொடவேண்டாம், கூப்பிடுங்கள் என்று தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுத்தோம். அடுத்த தை மாதம் கூப்பிட்டார். மணலுக்குள் வட்டமாக ஒன்று தெரிகிறது என்றார். அந்த இளம்பெண்ணும் இன்னொருவரும் போனார்கள். ஒரு மணி நேர வேலை. துருப்பிடித்த மீன் டின் ஒன்று.

வீணாக அலையவைத்துவிட்டேனே என்று அம்மா வருந்தினாராம். இவர்கள் தேநீர் குடித்துவிட்டு, படிவத்தில் நேரம், இடம், பொருள் மூன்றையும் எழுதி, வாய்க்காலின் மிச்சப் பகுதியையும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார்கள்.